எந்தச் சிப்ஸ் வாங்கலாம்?

தமிழ்ப் பாடசாலை இடைவேளையில் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். அநேகமாகச் சிப்ஸ் பக்கற்தான் இருக்கும். (பிரித்தானியர் இதைக் 'கிறிஸ்ப்ஸ்' என்பார்கள், 'சிப்ஸ்' என்றால் அவர்களுக்கு மீன் கடையில் விற்கும் கிழங்குப் பொரியல். நாம் எமது வழக்கப்படியே எழுதுகிறோம்.) கூடாது என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டோம். எப்படியும் சாப்பிடத்தான் போகிறார்கள், எதைச் சாப்பிடலாம் என்றாவது பார்ப்போமே என்று சில வகைகளை வாங்கி, பெயர் தெரியாமல் கிண்ணங்களில் கொட்டிச் சுவைத்தோம். பிறகு பக்கற்றின் பின்புறத்தை வாசித்தோம்.

சாதாரண உப்புச் சிப்ஸில்தான் கிழங்கின் ருசி தெரிந்தது. கிழங்கு, எண்ணெய், உப்பு, அவ்வளவே. 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் கொழுப்பு. 25 கிராம் சிறு பக்கற்றில் சுமார் 130 கலோரி. வினாகிரி சேர்த்ததுதான் பிள்ளைகளின் முதல் தெரிவு. நாக்குக் கூசுகிறது, ஆனாலும் கை நிற்பதில்லை. உப்பு அதில் பொதுவாகக் கூட. 7 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது இந்நாட்டுச் சுகாதார சேவையின் அறிவுரை. தடிப்பாகச் சீவிப் பொரித்ததைப் பெரியவர்கள் மெச்சினார்கள். வீட்டில் பொரித்தது போன்ற மொறுமொறுப்பு. கொழுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

பொரிக்காமல் சுட்டவை காகிதத்தை மெல்லுவது போல இருந்தன. கொழுப்புப் பாதிக்கும் குறைவு என்பது உண்மை. ஆனால் கிழங்குத் தூளோடு மாவும் சீனியும் சேர்வதால் கலோரி அந்த அளவுக்குக் குறைவதில்லை. குழாயில் அடுக்கி வரும் பிரிங்கிள்ஸில் கிழங்கு பாதிகூட இல்லை. அதைக் காரணம் காட்டி வற் வரியிலிருந்து தப்ப அந்த நிறுவனம் வழக்காடி, 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது!

எமக்குக் கோபம் வந்தது பீற்றூட், கரட் சிப்ஸ் பக்கற்றைப் பார்த்துத்தான். முன்புறத்தில் மண்ணோடு கிழங்குப் படம். பின்புறத்தில் சாதாரண சிப்ஸுக்குச் சமமான, சிலவற்றில் அதைவிடக் கூடிய கொழுப்பு. பிள்ளை மரக்கறி சாப்பிடுகிறது என்று நம்பிக் கூடிய விலை கொடுக்கும் பெற்றோர் எம்மிடையே பலர்.

எமது கருத்தில், வகையைவிடப் பக்கற்றின் அளவுதான் முக்கியம். தினமும் ஒரு பக்கற் சாப்பிட்டால் வருடத்தில் ஏறக்குறைய 5 லீற்றர் எண்ணெய் குடித்ததற்குச் சமம் என்று 2006இல் பிரித்தானிய இருதய அறக்கட்டளை சுவரொட்டி ஒட்டியது. இன்று 'பகிர்ந்து உண்ண' என்று 150 கிராம் பை விற்கிறார்கள். தொலைக்காட்சி முன்னால் அதை யார் பகிர்கிறார்கள்? ஒருவரே முடித்தால் 45 கிராம் கொழுப்பு. தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏனையோரைவிட 2 முதல் 4 மடங்கு கூடுதலாக வருகின்ற இந்நாட்டில், இது சின்ன விடயம் அல்ல.

ஆகவே பாடசாலைச் சிற்றுண்டி மேசையில் 25 கிராம் சாதாரண உப்புச் சிப்ஸ் மட்டும் வைக்கலாம். பெரிய பைகளும் வினாகிரி வகையும் வேண்டாம் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்கிறோம். வீட்டிலும் பையோடு கொடுக்காமல் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள். கருகியவற்றை ஒதுக்கிவிடுங்கள், மாப்பொருள் உணவைக் கடும் சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைட் உண்டாவதை 2002இல் சுவீடன் நாட்டவர் கண்டறிந்தார்கள், நிறம் கருகக் கருக அது கூடும்.

எமது மிக்ஸர், முறுக்கு, மரவள்ளிச் சீவல் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்க் கடைகளில் கட்டித் தொங்கவிடும் பல பைகளில் உப்பு, கொழுப்பு எவ்வளவு என்று ஒரு வரியும் இல்லை. கூட்டங்களுக்கு நாம் வாங்குவதும் அவைதான். அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.