அண்டை நாட்டுப் போரும் இந்தியாவின் செல்வாக்கும்

பக்கத்து நாட்டில் சண்டை மூண்டால் பெரிய நாட்டின் கை தானாக ஓங்கிவிடும் என்று பலரும் எண்ணுகிறோம். இலங்கையில் இந்தியாவுக்குக் கை ஓங்கிய காலமும் உண்டு, தாழ்ந்த காலமும் உண்டு. எது எதனால் நேர்ந்தது என்று தமிழ்நாட்டு மக்கள் விளங்கிக்கொள்வது அவசியம்.

1983 ஜூலைக் கலவரத்தில் உயிர் தப்பிய தமிழர்கள் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். தமிழகம் கொதித்தது, கொழும்பின் உள்விவகாரத்தில் பேச டெல்லிக்கு இடம் கிடைத்தது. 1987 ஜூன் 4-ல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள்களைப் போட்டன. ஜூலை 29-ல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவுக்குப் பாதகமாகத் திருகோணமலையைப் பிற நாட்டுப் படைகளுக்குத் தருவதில்லை என்ற உறுதியும் கிடைத்தது.

சரிவும் அங்கேதான் தொடங்கியது. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு மோதியது. தெற்கில் ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சி கிளர்ந்தது. மத்தியஸ்தம் செய்யப் போனவரே சண்டையில் இறங்கியதால் இரு பக்கமும் பகையானது. ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து, 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1991 மே 21-ல் ராஜீவ் ஸ்ரீபெரும்புதூரில் புலிகளால் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பூந்தமல்லியின் சிறப்பு நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. கடலுக்கு அப்பால் நடந்த போர் தமிழ்நாடுவரை வந்துவிட்டிருந்தது.

அதன்பின் டெல்லி ஒதுங்கி நின்றது. 2002 போர்நிறுத்தத்துக்கு நார்வே மத்தியஸ்தம் செய்தது. ஆயுதமும் கடனும் கொடுத்துச் சீனா உள்ளே வந்தது. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது.

2022-ல் பொருளாதார நெருக்கடியால் மூண்ட மக்கள் கிளர்ச்சி அதிபர் கோத்தபய ராஜபக்சவை நாட்டைவிட்டே ஓடவைத்தது. இம்முறை இந்தியா அனுப்பியது டீசல், மருந்து, உணவு. கடனுதவியும் சேர்த்து ஏறத்தாழ 400 கோடி டாலர். மே 18-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசின் அரிசியும் பால்மாவும் புறப்பட்டன. சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் என்று பிரிக்காமல் எல்லாருக்குமாகப் போன உதவி அது. அன்று இந்தியாவை எதிர்த்துக் கிளர்ந்த ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 2024-ல் அதிபரானதும் முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லிக்கு வந்தார்.

உதவி செய்தால் எல்லாம் நம் சொற்படி நடக்கும் என்பதில்லை. இந்தியா ஆட்சேபித்தும் 2022 ஆகஸ்டில் சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. அண்டை நாட்டின் துன்பம் நமக்கு வாசலைத் திறக்கும். ஆயுதத்தோடு நுழைந்தால் அது சீக்கிரமே மூடிக்கொள்ளும்.

இப்போது கிடைத்திருக்கும் மதிப்பை ஒரு பழைய கடமைக்குப் பயன்படுத்த வேண்டும். 1987 ஒப்பந்தத்தின் பயனாகப் பிறந்தவை மாகாண சபைகள். வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013-ல். அந்தத் தேர்தலை நடத்துமாறு டெல்லி விடாமல் கேட்க வேண்டும். டெல்லி மறக்காதபடி நினைவூட்டும் பொறுப்பு தமிழ்நாட்டுக்கு உண்டு.