கார்க் கண்ணாடி ஏற மறுக்கிறதா?

தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் போடுகிறோம். குக்கருக்கு காஸ்கெட் மாற்றுகிறோம். கார் என்றதும் மட்டும் "அது ஆம்பளைங்க வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஏன் சகோதரிகளே?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய மாருதி 800. 1983-ல் வெளிவந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. போன சித்திரையில் அதன் இடது பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. கைப்பிடி மட்டும் சும்மா சுற்றியது. ஒர்க்ஷாப்பில், "உள்ளே மொத்த செட்டும் மாத்தணும்க்கா, 2,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். "இருங்க மைனி, முதல்ல கழத்திப் பாப்போம்" என்றாள் என் நாத்தனார். பார்த்தால், கைப்பிடியின் உள்பக்கப் பற்கள்தான் தேய்ந்திருந்தன. புதுக் கைப்பிடி 120 ரூபாய்!

பற்கள் ஏன் தேய்ந்தன? நம் தூத்துக்குடியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். உப்பு ஈரத்தை இழுக்கும். உப்பு ஈரம் பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கண்ணாடி இடுக்கு வழியே உப்பும் மணலும் கதவுக்குள் இறங்க, கண்ணாடி இறுகுகிறது. நாம் பலங்கொண்ட மட்டும் சுற்ற, பிளாஸ்டிக் பல் தேய்கிறது. ஆகவே கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளேயும் சுத்தம் செய்ய வேண்டும்.

செய்முறை:

1. கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய புடவைத் துண்டை அந்த இடுக்கில் விட்டு இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் வெளியே வந்துவிடும். தெறித்து ஓடாமல் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

2. கதவின் உள்பலகையில் உள்ள ஸ்குருக்களைக் கழற்றி, மரக்கரண்டிக் காம்பால் ஓரத்தை மெதுவாக நெம்புங்கள். உள்ளே தகடு கூர்மையாக இருக்கும், கையுறை அவசியம்.

3. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உரசும் இரும்புக்கு கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். கண்ணாடி ஓடும் ரப்பருக்கு கிரீஸும் ஆகாது, சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

4. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. ஈர்க்குச்சியால் குத்தி அடைப்பை எடுங்கள்.

5. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மறக்காமல் பழையபடி ஒட்டுங்கள். பலகை நனையாமல் காப்பது அதுதான்.

கண்ணாடி 'தடால்' என்று உள்ளே விழுந்தாலோ, உள்ளே சுருள் ஸ்பிரிங் தெரிந்தாலோ கை வைக்காதீர்கள். அது மெக்கானிக் வேலை. பிரேக், ஸ்டியரிங் பக்கமும் போக வேண்டாம்.

'கண்ணாடிதானே, கிடக்கட்டும்' என்று விடவும் கூடாது. வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு 10 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். கண்ணாடி இறங்குகிற காரானாலும் பிள்ளையைத் தனியே உள்ளே விடாதீர்கள். இரண்டு இன்ச் இறக்கி வைப்பது பாதுகாப்பு ஆகாது.

வாரம் ஒருமுறை கதவின் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். செய்து பார்த்துவிட்டு எழுதுங்களேன்.