முதல் மேல்முறையீடு முடியும்வரை குடியிருக்கும் வீட்டை இடிப்பதையும் காலிசெய்வதையும் நிறுத்திவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: உரிமையியல் வழக்காளர் நலச் சங்கத்தின் நிர்வாகிகள்.

பெறுநர்: தலைமைப் பதிவாளர், சென்னை உயர் நீதிமன்றம், சென்னை; செயலாளர், சட்டத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41-க்கு மாநிலத் திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

டிக்ரி ஆனபின் மேல்முறையீடு செய்ய, மாவட்ட அளவிலான நீதிமன்றம் என்றால் 30 நாளும் உயர் நீதிமன்றம் என்றால் 90 நாளும் காலவரம்புச் சட்டம் தருகிறது. ஆனால் அந்த நாட்களில் டிக்ரி கைகட்டி நிற்பதில்லை. மேல்முறையீடு தாக்கலாகிவிட்டது என்பதாலேயே நிறைவேற்றுகை நின்றுவிடாது என்று கட்டளை 41 விதி 5 தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பொதுவிதியை மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. வென்றவர் தம் வெற்றியின் பலனை அடைய வேண்டியது நியாயமே. குடியிருக்கும் வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் டிக்ரிக்கும் கட்டடத்தை இடிக்கச் சொல்லும் டிக்ரிக்கும் மட்டும், முதல் மேல்முறையீடு முடியும்வரை, தக்க பிணையத்தின் பேரில் நிறைவேற்றுகையை நிறுத்திவைப்பதை விதியாக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இது சட்டத்துக்குப் புதிய கருத்தல்ல. அதே கட்டளையின் விதி 6(2)-ஐப் பாருங்கள். டிக்ரியை நிறைவேற்ற அசையாச் சொத்தை ஏலம்விட ஆணையாகி, மேல்முறையீடும் நிலுவையில் இருந்தால், தீர்ப்புக் கடனாளி விண்ணப்பித்ததும் பிணையம் முதலிய நிபந்தனைகளோடு அந்த ஏலத்தை நிறுத்தியே ஆக வேண்டும். பொதுவாகத் தடையை நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்ட சட்டம் இங்கே மட்டும் கட்டாயமாக்கியிருக்கிறது. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் ஏலத்தில் நாணயமாக வாங்கிய சொத்து, பிறகு டிக்ரியே ரத்தானாலும், பழைய உரிமையாளருக்குப் பொதுவாகத் திரும்புவதில்லை. பணம் கைமாறினால் வட்டியோடு திருப்பலாம். சொத்து கைமாறினால் அப்படியல்ல என்று சட்டமே உணர்ந்திருக்கிறது. ஏலத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் இடிப்புக்கு இன்னும் பலமாகப் பொருந்தும். ஏலம்போன வீடு யாரிடமாவது நின்றுகொண்டிருக்கும். இடித்த வீடு எவரிடமும் இல்லை. பிரிவு 144-ன்படி இழந்ததை மீட்கலாமே என்பார்கள். அந்தப் பிரிவு சுவாதீனத்தைத் திருப்பித் தரும், இழப்பீடும் தரும். ஆனால் தரைமட்டமான சுவரையும், பிள்ளைகள் பள்ளி மாறிப் போன ஆண்டுகளையும் எந்த ஆணையாலும் மீட்க முடியாது.

இந்தக் கோரிக்கையை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. நிறைவேற்றுகை மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் ராகுல் ஷா வழக்கில் ஆணையிட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியம்மாள் வழக்கில் 2025 மார்ச்சில் அதையே வலியுறுத்தி, நிலுவைக் கணக்கை எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கேட்டது. இந்த முடுக்கத்தை வரவேற்கிறோம். டிக்ரி வாங்கியும் பல ஆண்டு அலைந்தவர்கள் எங்கள் உறுப்பினர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் நிறைவேற்றுகைக்கு நாள் குறித்ததுபோல் தடை மனுவுக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. நகல் வாங்கி, குறைகளுக்காகத் திருப்பப்பட்ட மேல்முறையீட்டைச் சரிசெய்து, அது எண்ணிடப்பட்டு, தடை மனு பட்டியலில் வருவதற்குள் அமீனா வாசலில் நிற்கக்கூடும். மேல்முறையீட்டுக் காலம் முடியுமுன் விண்ணப்பித்தால் டிக்ரி அளித்த நீதிமன்றமே நிறைவேற்றுகையை நிறுத்திவைக்கலாம் என்கிறது விதி 5(2). அந்தக் காலம் முடிந்த மறுநாளிலிருந்து தடை மனு விசாரணைக்கு வரும்வரை உள்ள இடைவெளிக்கு அதனிடம் தெளிவான பதில் இல்லை.

தடை வாங்கி வழக்கை இழுத்தடிப்பார்களே என்ற ஆட்சேபம் உண்மையானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். அதனால்தான் பிணையம் என்கிறோம். காலிசெய்யும் ஆணைக்குப்பின் தங்கியிருப்பவரைச் சந்தை வாடகை அளவில் பணம் கட்டும் நிபந்தனையோடு தங்கவைக்கலாம் என்று ஆத்மா ராம் பிராப்பர்டீஸ் வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தத் தொகையை மாதந்தோறும் கட்டட்டும். கட்டத் தவறினால் தடை நீங்கட்டும். காலம் கடந்த ஒரே காரணத்தால் தடை தானாக விலகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பதால், இத்தகைய மேல்முறையீடுகளை முன்னுரிமையோடு விசாரித்து முடிப்பதுதான் வென்றவருக்குச் சரியான பாதுகாப்பு. இரண்டாம் மேல்முறையீட்டுக்கு இந்தச் சலுகையை நாங்கள் கேட்கவில்லை. சாட்சியத்தையும் சட்டத்தையும் முழுமையாக மறுபடி எடைபோடும் வாய்ப்பு முதல் மேல்முறையீட்டில்தான் உண்டு. அது முடியுமுன் வீடு போய்விடக் கூடாது என்பதே எங்கள் வாதம்.

இதற்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. முதல் அட்டவணையின் விதிகளைத் திருத்தும் அதிகாரத்தைப் பிரிவு 122 உயர் நீதிமன்றத்துக்கே அளித்திருக்கிறது. பிரிவு 126-ன்படி மாநில அரசின் முன்னொப்புதல் தேவை. ஆகவே விதி 6(2)-ஐ மேற்கண்ட இரு வகை டிக்ரிகளுக்கும் விரிவாக்கும் வரைவை விதிக்குழுவின் முன் வைக்குமாறு தலைமைப் பதிவாளரையும், அதற்கு விரைந்து ஒப்புதல் அளிக்குமாறு சட்டத் துறைச் செயலாளரையும் கேட்டுக்கொள்கிறோம். திருத்தம் வரும்வரை, இத்தகைய தடை மனுக்களைத் தாக்கலான ஒரு வாரத்துக்குள் பட்டியலிடவும், தடை ஆணையை அன்றே மின்னஞ்சலில் கீழமை நீதிமன்றத்துக்கு அனுப்பவும் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். தடை ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டது என்று மேல்முறையீட்டாளர் தம் நேரடி அறிவின்படி தாக்கல்செய்யும் பிரமாணப் பத்திரத்தை ஏற்று, ஆணை வந்துசேரும்வரை நிறைவேற்றுகையை நிறுத்த வேண்டும் என்று விதி 5-ன் விளக்கம் கூறுவதையும் அந்தச் சுற்றறிக்கையில் எல்லா நிறைவேற்று நீதிமன்றங்களுக்கும் நினைவூட்ட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்