குரலுக்குக் கூச்சம் எதற்கு?

நம் வட்டத்தில் மேடைப் பேச்சு என்றாலே இளக்காரம். எழுத்துதான் சத்தியம், குரலும் கையசைப்பும் வேஷம். இதைச் சொல்லும் நண்பர்கள் அரிஸ்டாட்டிலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாட்சி சொன்னதை முழுசாகக் கேட்பதில்லை. பேச்சுக்கலை பற்றிய நூலின் 3-வது புத்தகத்தில், பேச்சை நிகழ்த்தும் முறை மட்டமான சங்கதி என்றுதான் அவர் சொல்கிறார். கேட்பவர்களின் சீர்கேட்டால் அதற்கு மவுசு என்கிறார். ஆனால் தள்ளிவிட முடியாது என்று ஒப்புக்கொண்டு, குரலின் உரப்பு, ஏற்ற இறக்கம், லயம் என்று அதை வகுத்ததும் அவரேதான். நண்பர்கள் முகச்சுளிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மேடைக்காரர்களுக்கு டெமாஸ்தனிஸ் ஒரு தாயத்து. பேச்சுக்கலையில் முதலாவது எது என்று கேட்டதற்கு 'நிகழ்த்துவது' என்றாராம். இரண்டாவது? அதுவே. மூன்றாவது? அதுவே. சரி. ஆனால் இவருடைய பேச்சில் விளக்குத்திரி வாடை அடிக்கிறது என்று எதிரிகள் கேலி செய்தார்கள். அத்தனை இரவுகள் கண்விழித்து எழுதியவர். எழுதித் தேயாதவனுக்கு அந்தப் பதிலைச் சொல்ல உரிமை கிடையாது.

எனக்கு உறுத்துவது சிஸரோவின் கதை. கி.மு. 52-ல் மிலோவின் கொலை வழக்கு. மன்றத்தைச் சுற்றிப் பாம்ப்பியின் சிப்பாய்கள், எதிர்க்கட்சியின் கூச்சல். சிஸரோவின் குரல் நடுங்கியது. மிலோ மஸ்ஸிலியாவுக்கு நாடு கடந்தான். பிறகு செப்பனிட்டு எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு, இப்படியே பேசியிருந்தால் இந்த ஊர் மீனைத் தின்னும் பாக்கியம் கிடைத்திருக்காதே என்றானாம். நாம் சிலாகிக்கும் 'மிலோவுக்காக' அன்று அந்த மன்றத்தில் ஒலித்த பேச்சு அல்ல.

போன கூட்டத்தில் என் கட்டுரையைத் தலைகுனிந்து முணுமுணுத்தேன். மூன்றாம் வரிசைக்கு எட்டவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அது பயம். அந்தக் கட்டுரையில் ஒருவரை மறுத்திருந்தேன். அவர் நாலாவது வரிசையில் இருந்தார்.

கி.மு. 44-ல் ஆண்டனிக்கு எதிரான இரண்டாம் உரையை சிஸரோ பேசவே இல்லை, எழுத்தாகத்தான் உலவவிட்டார். மறு வருஷம் அவரைக் கொன்று, தலையையும் கையையும் வெட்டி, அவர் பேசிய மேடையிலேயே வைத்தார்கள். ஆண்டனியின் உத்தரவு.

எழுத்து வேறு, குரல் வேறு என்ற நம்முடைய நுட்பமான பேதம் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.