நடுத்தரக் குவியலும் நாட்கூலியும்

இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டு இல்லை; பால் வெட்டு இல்லையென்றால் லயத்து வாசலில் முந்நூற்று நாலு தொடங்கிவிடும். எட்டுச் சீட்டில் நான்கை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற நான்கு எவ்வாறு வருமோ என்று அறியாமலே 160 கேட்கத் தொடங்கும் ஆட்டம் அது. சிறுவயதில் அருகே நின்று பார்த்த நான் ஒன்றைக் கண்டதுண்டு: நல்ல கைக்காகவே காத்திருப்பவர் வெல்வது அரிது, எதிராளியின் தயக்கத்தை அறிந்து கேட்பவரே பெரும்பாலும் வெல்வார்.

அண்மையில் என் மாணவன் ஒருவன், கைபேசியில் போக்கர் பழகியவன், இதே உண்மையைக் கணக்காக எனக்கு விளக்கினான். போக்கர்ப் போட்டியில் ஒவ்வொரு கைக்கும் இருவர், சீட்டைப் பாராமலே கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும்: ஒருவர் ஒரு பங்கு, மற்றவர் அரைப் பங்கு. நேரம் செல்லச் செல்ல அப்பங்கின் அளவு உயரும். ஏனையோர் விலகியபின், தன் முறை வரும்போது ஒருவன் இரண்டு பங்கு வைத்து மிரட்டினால், அவ்விருவரும் அஞ்சி விலகக்கூடும். ஒன்றரைப் பங்கு அவனுக்கு. ஏழு முறையில் நான்கு முறை அவர்கள் விலகினாலே அவனுக்குச் சேதமில்லை.

"சேர், இருபது பங்கு வைத்திருக்கும் நடுத்தரக்காரனுக்கே இது இன்றியமையாதது. சும்மா இருந்தால் கட்டாயப் பந்தயமே அவனைத் தின்றுவிடும்," என்றான்.

யாரிடம் பறிப்பது? பெருங்குவியல் உடையவன் விளையாட்டாகவே எதிர்த்து வைப்பான். இழக்க ஏதுமற்றவன் துணிந்து எதிர்ப்பான். இழக்கவும் அஞ்சி, துணியவும் அஞ்சி நிற்கும் மற்றொரு நடுத்தரக்காரனே விலகுவான். மனித இயல்பை இதைவிடச் சுருக்கமாக எவர் சொல்ல இயலும்!

ஆயினும் ஓரிடத்தில் நான் அவனோடு மாறுபடுகிறேன். போட்டியில் நுழைவுக் கட்டணத்துக்கு மேல் இழப்பு இல்லை. மேசையிலுள்ள சில்லுகள் வெறும் எண்ணிக்கையே. சம்பள நாளன்று பாயில் விழும் காசு அத்தகையதன்று. அது வீட்டு அரிசி, பிள்ளையின் கொப்பி. நாட்கூலி பெறுபவனுக்கு நடுத்தரக் குவியல் என்று ஒன்று இல்லவே இல்லை. அங்கே அவன் என்றும் சிறுகுவியல்காரனே. வள்ளுவர் பொருட்பாலிலே சூதுக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கியது வீணுக்கன்று. நாடாண்ட நளனும் தருமனுமே தப்பவில்லை. லயத்துக் குடும்பம் எம்மாத்திரம்? ஆடுவதாயின் புளியங்கொட்டையை வைத்து ஆடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆனால், அம்மாணவனிடம் நான் ஒன்று கேட்டேன். நடுத்தரப் புள்ளி பெற்ற அவன், "எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது" என்று இரண்டாண்டாக ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்காமலே இருந்தான். "ஆண்டுதோறும் கடக்கும் இறுதித் திகதியும் கட்டாயப் பந்தயந்தானே? உன்னைப்போன்றோர் அஞ்சி விலகிய இடத்தைத் துணிந்தவன் எடுத்துக்கொள்கிறான் அல்லவா?" என்றேன்.

அவன் விடை சொல்லவில்லை. மறுவாரம் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றான். தோட்டத்துப் பிள்ளைகள் துணிய வேண்டிய மேசை அதுவே.