புகை போக வழி உண்டா?

நமக்கு அடுப்பு என்றால் சமையல். லே நகரவாசிக்கு அது உயிர்ப் பிரச்னை. ஜனவரி இரவுகளில் பாதரசம் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி என்று இறங்கும் ஊர் அது. குளிர்காலம் வரும் முன்பே அங்கு குடும்பங்கள் முடிவு செய்தாக வேண்டிய கேள்வி: அறையைச் சூடாக்க மண்ணெண்ணெயா, எரிவாயுவா?

சமவெளிவாசிகளுக்கு விடை சுலபம். மண்ணெண்ணெய் என்றால் நாற்றம், கரி. எரிவாயு சுத்தமானது. 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கியதிலிருந்து அரசு சொல்வதும் இதுவே. டெல்லியோ 2014லேயே மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

ஆனால் சமையலறைக்கு வகுத்த கொள்கை பனிமலைக்கு அப்படியே பொருந்தாது. சிலிண்டருக்குள் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திரவம். அது ஆவியானால்தான் எரியும். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, அதற்குக் கவலையில்லை. பியூட்டேனுக்கோ அது மைனஸ் அரை டிகிரி. கடுங்குளிரில் சிலிண்டர் கனமாகவே இருக்கும். சுடர் மட்டும் சோர்ந்துவிடும். மண்ணெண்ணெய் அந்தக் குளிரிலும் ஓடும். டீசலும் உறைந்து மக்கர் செய்யும் பிரதேசம் அது. அதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019இல் லடாக்குக்கென்று கொண்டுவந்தது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. லடாக்கிலும் காஷ்மீரிலும் வழக்கத்தில் உள்ள புகாரி என்ற இரும்பு அடுப்பில் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி எரியும். புகை ஒரு குழாய் வழியே வெளியேறும். சூடு உள்ளே, புகை வெளியே. அறைக்கு அறை நகர்த்தும் கேஸ் ஹீட்டருக்குக் குழாயே கிடையாது. எரிந்த வாயு முழுவதும் அறைக்குள்தான். கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டால் ஆக்சிஜன் குறையும். கார்பன் மோனாக்ஸைடு பிறக்கும். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இந்த நச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம், பிறகு மரணம். புதிதாக லே வந்து இறங்கும் பயணி, தலைவலியை உயரத்தால் வந்தது என்று நினைத்துப் போர்த்திப் படுத்துவிடுவார். அங்கேதான் ஆபத்து. டெல்லியில் மூடிய அறையில் அங்கீட்டி மூட்டித் தூங்கி மடிபவர்களைப் பற்றிக் குளிர்காலந்தோறும் படிக்கிறோமே, அவர்களைக் கொல்வதும் இதே வாயுதான்.

புகாரியும் நிரபராதி அல்ல. குழாயில் கரி அடைத்தாலோ இணைப்பு தளர்ந்தாலோ அதுவும் எமன்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எண்ணெயா, எரிவாயுவா என்பதல்ல. புகை போக வழி உண்டா என்பதே. குளிர்காலத்தில் மணாலிக்கோ லேவுக்கோ போகும் தமிழ்க் குடும்பங்கள் விடுதியில் முதலில் இதைக் கேட்கட்டும். குழாய் இல்லாத ஹீட்டரென்றால் தூங்குமுன் அணைத்துவிட்டு, இன்னொரு ரஜாய் கேட்டு வாங்குவதே மேல்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. லேவுக்கு அருகே ஃபேயில் உள்ள செக்மோல் கல்வி வளாகம் தெற்கு நோக்கிய கண்ணாடி, தடித்த மண்சுவர் இவற்றால் பகல் வெயிலைச் சேமித்து இரவைக் கடக்கிறது. லடாக்கில் வருடத்தின் பெரும்பகுதி நல்ல வெயில். மலையேற்றி அனுப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் செலவிடும் அரசு, அதில் ஒரு பங்கைச் சுவருக்கும் கண்ணாடிக்கும் தந்தால் என்ன? வெயிலை சிலிண்டரில் அடைத்து லாரியில் ஏற்ற வேண்டியதில்லை. அது புகைவதும் இல்லை.