சாயமும் பாசனமும்

நொய்யலின் குறுக்கே, பாசனத்தின் பொருட்டு, ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை எழுந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவே. உப்பேறிய நிலத்தில் பயிர் கருகிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பனியனில் பெரும்பகுதி அயல்நாட்டுக்குச் செல்வது மெய்யே. எனினும் சாயத்துணியை விரும்பி வாங்குவோரில் நாமும் அடக்கமன்றோ?

பெட்டி நிறையத் துணியிருக்க, தீபாவளிக்கு மூன்று உருப்படி எதற்கு? நீடித்து உழைக்கும் கைத்தறி ஒன்று போதும். (நெசவாளர் அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா, அந்த ஒன்றுக்கு நியாய விலை கொடுக்கவே சொல்கிறோம்.) சாயமும் வெளுப்பும் காணாத வேட்டி, சேலை ரகங்களுக்குக் கூடுதல் தறிகள் ஒதுக்குமாறு வரும் பொதுக்குழுவில் நாம் கோருவோம்.